நயினார் துணி

துணி கட்டியிருந்ததா, இல்லையா? ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்கு என்கிற மேல்பிரிவில் பதினைந்து நாளாக இதே பேச்சுதான். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போதும் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலும் இதையே பேசினார்கள். செத்துப்போன காளியாயியைப் பற்றிப் பேசியதைவிட அந்த ஒரு முழத் துணியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். சனங்களைக் குறைசொல்லவும் முடியாது. காளியாயியை நினைத்தால் அழுகை வரும், துணியைப் பற்றியென்றால் வாய்வலிக்கப் பேசலாம்.

காளியாயியின் புருசன் செல்லசாமிக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் யாரிடமும் பேசவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பனி விலகும்போதெல்லாம் எதிரே ஆறாம் நம்பர் மலையைப் பார்ப்பார். கட்டினோம் என்றுதான் ஞாபகம். கையைத் தூக்கிச் சபுக்கு மரத்தைச் சுற்றித் துணியை இழுத்தது, முடிச்சுப் போட்டது, மேலே குளவிக்கூடு இரைந்தது, எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. துணியின் நிறம் மட்டும் ஞாபகம் வரவில்லை. அது இந்த வருசத்து ஞாபகமா, போன வருசத்ததா? பன்னிரண்டு வருசமாக ஒரே வேலையைச் செய்த கைக்கு எது எந்த நாள் என்று எப்படித் தெரியும்? கட்ட மறந்திருந்தால் பெண்டாட்டியைக் கொன்றது குளவி இல்லை, அவர்தான். சோற்றில் கை வைக்கும்போது இந்த நினைப்பு வந்துவிடும். கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

துணி விசயம் விளங்க வேண்டுமென்றால் நயினார் ஐயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தரணேந்திர நயினார் என்பது அவருடைய முழுப்பெயர். அப்பா வந்தவாசிப் பக்கத்துச் சமணர். தலவாக்கலை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைபார்க்க வந்தவர். மகன் இருபத்துநாலு வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டராக வந்தார், வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பென்சன் எடுத்த பிறகும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் காம்பராவிலேயே இருந்தார். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வடிகட்டிய துணியை மறுபடியும் பீலித் தண்ணீரிலேயே அலசுவார், அதில் ஒட்டிய பூச்சி வந்த இடத்துக்கே போகட்டும் என்று. உருளைக்கிழங்கும் கரட்டும் பீட்ரூட்டும் மலைமலையாக விளைகிற நுவரெலியாச் சீமையில் இருந்துகொண்டு, மண்ணுக்குள் விளைந்தது எதையும் தொடமாட்டேன் என்ற ஒரே மனுசர் அவராகத்தான் இருக்கும்.

அடுப்பில் வைக்கும் முன் விறகைக் கல்லில் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளேயிருக்கும் எறும்புகள் இறங்கிப் போகும்வரை குந்தியிருப்பார். "ஐயா வீட்டுல தேத்தண்ணி குடிக்கணும்னா காலையிலயே சொல்லி வச்சிரணும், அப்பதான் அந்திக்காவது கெடைக்கும்" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்கள் வீடுகளிலும் கொஞ்ச காலத்தில் விறகு தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறினால் மற்றவர்கள் உப்பைத் தேய்ப்பார்கள், சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள். அவர் மட்டும் அது குடித்து முடித்துத் தானாக விழும்வரை பேசாமல் இருப்பார். "ஐயா, அது ஒங்க ரத்தமாச்சே?" என்றால், "அதுக்குத் தெரியாதுல்ல" என்பார். அவ்வளவுதான் போதனை. யாரையும் இப்படி இரு, அப்படி இரு என்று சொன்னதில்லை. மாரியம்மன் திருவிழாவில் கடா வெட்டும் அன்று கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடப்பார். மூன்றாம் வருசம் சனங்களே வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். தங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனுசர் திருவிழா அன்றைக்குப் பட்டினி கிடப்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை.

மூக்கன் கதையை மேல்கணக்கில் எல்லோரும் சொல்வார்கள். முப்பது வருசத்துக்கு முன்னால் ஒரு வேலைநிறுத்தத்தின்போது மூக்கன் என்கிற இளந்தாரி மேலதிகாரி ஒருத்தனைக் கைநீட்டி அடித்துவிட்டான். அடியாட்கள் நாலு பேர் கத்தியோடு தேடி வந்தார்கள். மூக்கன் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ஐயா வாசலில் நின்றார். "மூக்கன் உள்ள இருக்கானா?" என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அறைந்தார்கள், திறக்கவில்லை. மாஸ்டரை அடித்தது வெளியில் தெரிந்தால் வம்பு என்று பயந்து போய்விட்டார்கள். பிறகு மூக்கனே கேட்டான், "இங்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா?"

"இல்லன்னா பொய்யாயிரும். இருக்கான்னா ஒன் உசிரு போயிரும். வாய மூடிக்கிட்டா ரெண்டும் இல்ல, கன்னம் மட்டுந்தான் வீங்கும்" என்றார் ஐயா, வீங்கிய கன்னத்தோடு.

செல்லசாமி அந்தக் காலத்தில் ஐயாவின் பக்கமே போகாதவர். அவர்தான் தோட்டத்தில் குளவிக்கூடு கொளுத்துகிறவர். மரத்தில் அடையடையாகத் தொங்கும் பெருந்தேனீயைத்தான் மலையில் குளவி என்பார்கள். ஒரு கூடு கலைந்தால் கொழுந்தெடுக்கிற பெண்கள் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சிலர் திரும்பி வருவதில்லை. கம்பில் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெயில் முக்கி, மரமேறி, ஒரு கொட்டும் வாங்காமல் கூட்டைக் கொளுத்துவதில் செல்லசாமிக்கு இணை கிடையாது. தோட்டத்தை நடத்துகிற தொரைகூட பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டைக் கொளுத்திய மறுநாள் காலையில் ஐயா அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சிறகு கருகி, சாகாமல் ஊர்ந்துகொண்டிருந்த குளவிகளை ஒவ்வொன்றாகத் தேயிலை இலையில் ஏந்தி நிழலில் வைத்துக்கொண்டிருந்தார். செல்லசாமியைப் பார்த்ததும் திட்டவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. "கண்ணு சரியா தெரியல செல்லசாமி. அந்தப் பக்கம் கெடக்குறத நீ கொஞ்சம் பாரு" என்றார். செல்லசாமி சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். மத்தியானம்வரை எடுத்தும் முடியவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் பந்தத்தைத் தொடவில்லை.

"அதுகளுக்கு மூணு மாசம் வேணும், பெறகு தானா போயிரும். நமக்கு அந்த மரத்தச் சுத்தி நூறு செடி கொறையும், அம்புட்டுத்தான்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி ஐயாதான் இந்த முறையைக் கொண்டுவந்தார். செல்லசாமி மலைமலையாகச் சுற்றிக் கூடு இருக்கிற மரத்தில் ஒரு துணியைக் கட்டுவார். கோயில் திருவிழாவில் மிஞ்சிய சிவப்புத் துணி. அதைப் பார்த்தால் பெண்கள் பத்து வரிசையை விட்டுவிட்டுத் தள்ளி ஏறுவார்கள். பன்னிரண்டு வருசத்தில் கீழ்க்கணக்கில் ஏழு பேர் குளவி கொட்டிச் செத்தார்கள். மேல்கணக்கில் ஒருத்தரும் இல்லை. நயினார் துணி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

போன மாசியில் ஐயா போய்ச்சேர்ந்தார். எண்பத்துநாலு வயது. தன் முன்னோர் செய்தபடி, போகிற நேரம் தெரிந்ததும் ஒவ்வொரு ஆகாரமாக விட்டு, கடைசியில் வடக்குப் பார்த்துப் படுத்து, வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க" என்று கேட்டபடி கண்ணை மூடினார். கங்காணிமார், தேயிலைச் செடியிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பாரோ என்று பேசிக்கொண்டார்கள். அவர் விட்டுப்போனது இரண்டு வேட்டி, ஒரு செம்பு, தண்ணீர் வடிகட்டும் துணி. வேட்டிகள் செல்லசாமியிடம் வந்தன.

ஐயாவின் நினைப்பாகவே செல்லசாமி ஒரு காரியம் செய்தார். சிவப்புத் துணியை விட்டுவிட்டு, ஐயாவின் வெள்ளை வேட்டியை ஒரு முழ ஒரு முழமாகக் கிழித்து மரங்களில் கட்ட ஆரம்பித்தார். ஐயாவே மரத்தடியில் காவல் நிற்கிற மாதிரி அவருக்கு இருந்தது. விசயம் தெரிந்ததும் ஒருத்தர் இரண்டு பேராக வந்து, புள்ளைக்குக் கட்ட ஒரு துண்டு குடு என்று கேட்டார்கள். "ஐயாவ சாமியாக்காதீங்க. அவருக்கே புடிக்காது" என்று செல்லசாமி எல்லோரையும் திருப்பி அனுப்பினார்.

ஆடி மாசத்துப் பனியும் தூறலுமாக இருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. பெண்கள் ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். பக்கத்து லயத்து வரிசைவீட்டு லெட்சுமி அன்றைக்குக் காளியாயியோடு ஒரே வரிசையில் நின்றவள். இழவு வீட்டில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சொன்னேண்ணே, இந்த மலையில கூடு இருக்குன்னு பேச்சு, பனியில மரமும் தெரியல, போக வேணாங்க்கான்னு. அக்காதான் சிரிச்சிச்சு. எங்க வூட்டு மனுசன் துணி கட்டாம உட மாட்டாரு, துணி இல்லாட்டி கூடு இல்ல, பயந்தாங்கொள்ளிகளா வாங்கன்னிச்சு. அதுதாண்ணே மொதல்ல ஏறிச்சு. எரச்சல் கேட்டதும் நாங்க ஓடிட்டோம். அதுக்கு முட்டிக்கால் வலி... ஓட முடியல. இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க தலையில போட்டுக்கிட்டு அப்படியே குந்திருச்சு."

தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்னாலேயே உயிர் போய்விட்டது.

மகன் விஜிதரன் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நிற்கிறான். இருபத்தேழு வயது. அவனுக்கு எழுத்து, கணக்கு, சைக்கிள், எல்லாம் சொல்லிக்கொடுத்தது ஐயாதான். அன்றிரவே வந்தான், அழுதான், மறுநாள் குழிக்கு மண் போட்டான். திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஈரத்தோடு அப்பா முன்னால் நின்றான்.

"பந்தம் கட்டுங்கப்பா."

செல்லசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாவ பொதச்சிட்டு வந்தாச்சு. அந்தக் கூடு இன்னும் அங்க தொங்குது. ஒங்களுக்குத்தான் தெரியும் எப்பிடி கொளுத்துறதுன்னு. கட்டுங்க."

"அதுகளுக்குத் தெரியாதுப்பா."

"என்னா தெரியாது?"

"யாரு என்னான்னு... அதுக பாட்டுக்கு இருந்திச்சுக."

"அம்மாவும் அவங்க பாட்டுக்குத்தான் இருந்தாங்க. ஒங்கள நம்பித்தான் ஏறுனாங்க." அவன் ஓர் அடி முன்னால் வந்தான். "பனி வெலகுனதும் பாத்தோம், அந்த மரத்துல துணியே இல்லன்னு இருவது பொம்பளைங்க சொல்றாங்க. நீங்க கட்டல. மறந்துட்டீங்க. இல்லாட்டி கட்டிட்டோம்னு நெனச்சிட்டீங்க. எது?"

செல்லசாமிக்கே தெரியாத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அந்தி மங்குகிற நேரத்தில் விஜிதரன் மூன்று கூட்டாளிகளோடு மலைக்குப் போனான். கைப்பழக்கமில்லாத பயல்கள், ஆளுக்கு நாலைந்து கொட்டு வாங்கிக்கொண்டு எப்படியோ கொளுத்திவிட்டார்கள். மெழுகு எரிகிற மணம் லயம்வரை இறங்கி வந்தது. செல்லசாமி கம்பளியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். காலையில் தனியாக மரத்தடிக்குப் போனார். கருகியும் சாகாதவற்றை இலையில் எடுத்து நிழலில் வைத்தார். அப்படியே துணி எங்காவது விழுந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு தேயிலைத் தூராகத் தேடினார். ஒரு நூல்கூட இல்லை. பட்டையில் கட்டிய தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மரம் முழுக்கக் கரி. அப்போதுதான் அவருக்கு முதல்முதலாக வாய்விட்டு அழுகை வந்தது.

அதிலிருந்து வீட்டில் அப்பாவும் மகனும் பேச்சில்லை. இழவு வீட்டில் கருமாதிவரை அடுப்பு மூட்டுவதில்லை. லெட்சுமி வீட்டிலிருந்து காலையில் ரொட்டியும் சம்பலும் வரும், மத்தியானம் சோறு வரும். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காளியாயி இருந்தால் "என்னா, ரெண்டு பேருக்கும் நான் தூது போகணுமா?" என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் விஜிதரன் கருமாதிச் சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடைசிக் காம்பரா கிருஷாந்தி, இடுப்பில் எட்டு மாசக் குழந்தையோடு வந்து இஸ்தோப்பு ஓரத்தில் நின்றாள். இருபத்திரண்டு வயசுப் பெண். புருசன் மதுரன் கொழும்பில் வேலை. குழந்தைக்கு மூச்சிழுப்பு. காளியாயி செத்தன்றைக்கு இவள் குழந்தையோடு நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தாள், இழவுக்கு வரவில்லை. அதனால்தான் இப்போது துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று செல்லசாமி நினைத்தார்.

"உள்ள வா ஆயி. நனையாத. புள்ளைக்கு எப்பிடி இருக்கு?"

அவள் உள்ளே வந்தாள், உட்காரவில்லை. "மாமா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னப்பறம் என்னைய அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வெள்ளைத் துணி. ஒரு முழம். நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு முடிச்சு, இறுகி, பிசின் ஒட்டி, அப்படியே இருந்தது. கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு, ஆனால் இடது கைக்காரன் போட்டது. மேல்கணக்கில் இடது கைக்காரர் செல்லசாமி ஒருத்தர்தான்.

அவர் அதை எடுத்து முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். கட்டியிருக்கிறார். மறக்கவில்லை. பதினைந்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்த கல் ஒரு நிமிசம் நகர்ந்தது. அந்த ஒரு நிமிசம் அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகுதான் எதிரே நிற்கிறவளைப் பார்த்தார்.

"மூணு நாளா புள்ள பால் குடிக்கல மாமா. நெஞ்சு விசில் மாதிரி கத்துது. புள்ளைகள பாத்துக்கிற புள்ளமடுவத்து ஆயா சொன்னிச்சு, ஐயா துணிய கட்டுனா கேக்கும்னு. ஒங்ககிட்ட கேக்க வந்தேன். அவரு யாருக்கும் குடுக்க மாட்டாரும்மான்னு காளியாயி அத்ததான் சொன்னாங்க. அத்த செத்ததுக்கு மொத நாளு வேலை முடிஞ்சு வாரப்ப பாத்தேன், மரத்துல இருந்திச்சு. அவுக்க முடியல, அம்புட்டு இறுக்கம். கத்தியால அறுத்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "காலையில வேற துணி கட்டிரணும்னுதான் இருந்தேன் மாமா. செவப்புத் துணியும் எடுத்து வச்சேன். மாரியாத்தா மேல ஆணையா எடுத்து வச்சேன். அந்தியில புள்ள நீலமாயிருச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். அங்க புள்ள பொழைக்குமா சாகுமான்னு... எல்லாம் மறந்து போச்சு. ஆறாம் நாளு திரும்பி வந்தா லயத்து வாசல்ல எழவுக்குக் கட்டுற வெள்ளக்கொடி பறக்குது. யாருன்னு கேட்டா அத்தைன்னாங்க."

அழுகை வரவில்லை அவளுக்கு. கண் மட்டும் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"இந்தப் புள்ள பொறந்தப்ப மொதல்ல குளிப்பாட்டுனது அத்ததான் மாமா."

குழந்தை அவர் கையிலிருந்த துணியைப் பிடித்து இழுத்தது.

"நாளைக்கு கருமாதியில எல்லாருக்கும் முன்னால நானே சொல்லிர்றேன். ஒங்கள எல்லாரும் பேசுறாங்க, விஜி அண்ணன் ஒங்ககூட பேசறதில்லியாம். என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. சொல்லிட்டு..."

செல்லசாமி அவள் முகத்தைப் பார்த்தார். இவள் சொல்லிவிட்டு உயிரோடு இருக்கமாட்டாள் என்று அவருக்குப் பட்டது. உயிரோடு இருந்தாலும் லயத்தில் யார் இவளோடு பீலிக்குப் போவார்கள்? எந்த வரிசையில் இவளைச் சேர்ப்பார்கள்? மதுரன் வந்து என்ன செய்வான்? இந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும், காளியாயியைக் கொன்றது இதன் கையில் கட்டிய துணிதான் என்று யாராவது ஒருத்தர் சொல்லாமலா இருப்பார்கள்?

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. சிவப்புத் துணியைப் பன்னிரண்டு வருசமாக யாரும் தொட்டதில்லை. திருடக்கூடிய துணியைக் கொண்டுபோய் மரத்தில் கட்டியது அவர்தான்.

"சொல்லாத" என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"பொய் சொல்ல வேணாம். பேசாம இரு. ஒன்கிட்ட யாரும் கேக்கப்போறதில்ல. கேட்டா என்கிட்டதான் கேப்பாங்க."

"நீங்க என்னா சொல்லுவீங்க?"

"நான் பாத்துக்கிறேன். நீ புள்ளைய ஈரத்துல தூக்கிட்டுத் திரியாத. போ." அவள் போகவில்லை. அவர் எழுந்து அவள் தலையில் கைவைத்தார். கைவைத்ததும் அவள் கீழே உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஓவென்று அழுதாள். லெட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். காளியாயிக்காக அழுகிறாள் என்று நினைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கருமாதி. ஓடைக்கரையில் விஜிதரன் மொட்டை போட்டுப் பிண்டம் கரைத்தான். லயத்து வாசலில் சனங்கள் கூடியிருந்தார்கள். பூசணிக்காய்க் கறியும் சோறும் பரிமாறி முடித்து, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தபோது கங்காணி சோலைமலை பேச்சை எடுத்தார்.

"வேற நேரம் பேசலாம்னா எல்லாரும் ஒண்ணா இருக்க மாட்டோம். தொர கேக்குறாரு, இனிமே கூட்ட கொளுத்தறதா, துணி கட்டுறதான்னு. துணி கட்டியும் உசிரு போச்சுன்னா, ஐயா சொல்லிட்டுப்போன முறையே ஒதவாதுன்னு ஆயிரும். கட்டாம போச்சுன்னா முறையில குத்தமில்ல." அவர் செல்லசாமி முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். "மனசுக்குச் சங்கடந்தான். ஆனா தெரியணும்ல?"

எல்லோரும் செல்லசாமியைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் சுவரோரமாகக் கிருஷாந்தி குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். துணி அவருடைய வேட்டி மடிப்பில் இருந்தது. கையை விட்டு எடுத்தால் போதும்.

விஜிதரன் அப்பா முன்னால் வந்து குந்தினான். மொட்டைத் தலையில் அவன் சின்னப் பையன் மாதிரி தெரிந்தான்.

"அப்பா, கோவத்துல கேக்கல. நீங்க கட்டுனேன்னு ஒரு வார்த்த சொன்னா நான் நம்புறேன். இருவது பேரு இல்லன்னு சொன்னாலும் ஒங்களத்தான் நம்புவேன். கட்டுனீங்களா?"

செல்லசாமி மகனைப் பார்த்தார். அவன் கண்கள் அப்படியே காளியாயியின் கண்கள். கட்டினேன் என்றால் மகன் கிடைப்பான். அடுத்த கேள்வி, அப்படியானால் துணி எங்கே என்பதுதான். லயம் முழுக்கத் தேடுவார்கள், தேடினால் அவள் தாங்கமாட்டாள். கட்டவில்லை என்றால் பொய். சுவரோரத்தில் கிருஷாந்தியின் வாய் திறப்பது தெரிந்தது. செல்லசாமி அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார். குழந்தை இருமியது. அவள் அதன் முதுகைத் தட்டியபடி முகத்தைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கப்பா."

அவர் வாயைத் திறக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. விஜிதரன் ரொம்ப நேரம் காத்திருந்தான். பிறகு எழுந்தான்.

"மூக்கன் கத எனக்கும் தெரியும்பா. ஐயா மடியில ஒக்காந்து கேட்டவன் நான். அவரு இன்னொருத்தன காப்பாத்த வாயடச்சு நின்னாரு. நீங்க யாரக் காப்பாத்த நிக்கிறீங்க? ஒங்களத்தான?"

ஐயாவுக்கு அன்றைக்குக் கன்னம்தான் வீங்கியது. செல்லசாமி வேட்டி மடிப்பில் இருந்த துணியைக் கையால் அமுக்கிக்கொண்டார்.

சோலைமலை கங்காணி தொண்டையைச் செருமினார். "சரி. வெளங்கிருச்சு. முறையில குத்தமில்ல, ஆளுலதான் குத்தம். இனிமே லெட்சுமி புருசன் கட்டட்டும். பழையபடி செவப்புத் துணியே கட்டுங்க. செல்லசாமி, நீ மலைப்பக்கம் போக வேணாம். தப்பா எடுத்துக்காத."

அவர் தலையசைத்தார். அதற்கு மட்டும்தான் தலையசைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் விஜிதரன் பையைக் கட்டினான். சுவரில் இருந்த காளியாயியின் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். போகிறேன் என்று சொல்லவில்லை. செல்லசாமி பஸ் நிற்கிற வளைவுவரை பத்தடி பின்னால் நடந்துபோனார். ஹட்டன் பஸ் வந்தது. ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுப்பா" என்று செல்லசாமி சொன்னது பஸ் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது இஸ்தோப்பை யாரோ கூட்டிக் கழுவி, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிருஷாந்தியாகத்தான் இருக்கும். குடத்தின் வாயில் ஒரு மெல்லிய துணி கட்டியிருந்தது.

கருமாதி முடிந்துவிட்டது, இனி இந்த வீட்டில் அடுப்பு மூட்டலாம். மூட்டுவதற்கு ஆள்தான் இல்லை. செல்லசாமி அடுப்பு முன்னால் குந்தினார். மடிப்பிலிருந்து துணியை எடுத்தார். ஐயாவின் வேட்டியில் மிஞ்சியது இந்த ஒரு முழம்தான், மற்றதெல்லாம் மழையிலும் வெயிலிலும் மரங்களிலேயே இற்றுப் போய்விட்டது. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் விஜிதரன் என்றைக்காவது ஒருநாள் வருவான். வந்து இந்த முடிச்சைப் பார்த்தால் கேட்பான். இன்னொரு தடவை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கத் தன்னால் முடியாது.

மூலையிலிருந்து இரண்டு விறகை எடுத்தார். பதினாறு நாளாகக் கிடந்த விறகு. கல்லில் மூன்று தட்டுத் தட்டினார். எறும்புகள் உதிர்ந்து நாலாபக்கமும் ஓடின. விறகை அடுப்பில் வைத்து, முடிச்சை அவிழ்க்காமல் துணியை அதன்மேல் வைத்தார். எறும்புகள் வரிசை பிடித்துச் சுவரை நோக்கிப் போயின. கடைசி எறும்பு சுவரேறும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார்.